போன் வந்துதான் குடும்பம் சிதறினதா? திருகோணமலையிலிருந்து ஒரு இழை

வாசகர் கேள்வி, 2024 ஓகஸ்ட் 11

முந்தி எங்கட வீட்டில பின்னேரம் எல்லாரும் விறாந்தையில இருந்து தேத்தண்ணி குடிச்சபடி கதைப்பம். இப்ப ஆளுக்கொரு மூலையில போனும் கையுமா இருக்கிறம். ஒரே வீட்டுக்குள்ள இருந்துகொண்டு வட்ஸ்அப்பில 'சாப்பாடு ரெடியா' என்று கேக்கிற காலம். இந்தக் கோதாரி போன் வந்துதான் எங்கட குடும்பங்கள் சிதறினது. இல்லையெண்டு யாராவது சொல்லுங்க பாப்பம்.

ஓகஸ்ட் 11, இரவு

நான் சொல்கிறேன், இல்லை.

திருகோணமலையில் இருந்துகொண்டு இப்படி ஒரு கேள்வி எப்படி வருகிறது என்று விளங்கவில்லை. உங்கள் தெருவை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1983 கலவரத்தோடு போனவர்கள் ஒரு தொகுதி. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கினபோது காட்டுக்குள்ளால் நடந்து, வள்ளம் பிடித்து இந்தியா போனவர்கள் இன்னொரு தொகுதி. 2004 மார்கழி 26 இல் கடல் வந்தது. 2006 சித்திரையில் மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்து, அதோடு கடைகளும் எரிந்தபிறகு 'இனி இங்க இருக்கேலாது' என்று முடிவெடுத்த வீடுகள் எனக்கே நிறையத் தெரியும். அதே வருடம் சம்பூர்ச் சனம் உடுத்த உடுப்போடு மட்டக்களப்புப் பக்கம் போனது. அவர்களில் பலருக்குச் சொந்த வளவில் திரும்பக் கால் வைக்கப் பத்து வருடம் வரை பிடித்தது.

இதில் போன் எங்கே நிற்கிறது? அது எங்கட கைக்கு வரும்போது வீடு ஏற்கெனவே நாலு நாட்டில் இருந்தது.

நான் இவ்வளவு துணிவாகச் சொல்லக் காரணம், நான் கொமினிகேசன் கடைக்காரன், காசுக்குப் போன் கதைக்க விடுகிற கடை. கடையும் பெயர்ப்பலகையும் இன்றைக்கும் அதேதான். உள்ளே நடக்கிற வேலைதான் வேறு. அதைப் பிறகு எழுதுகிறேன். கரண்ட் போய்ப் போய் வருகிறது.

ஓகஸ்ட் 12

ஒன்று கேட்க மறந்துபோனேன். விறாந்தையில் 'எல்லாரும்' இருந்தீர்கள் என்கிறீர்கள். தேத்தண்ணி போட்டது யார்? அவர் எங்கே இருந்தார்?

ஓகஸ்ட் 14

கடைக் கதை.

தொண்ணூறுகளில் வீட்டுக்கு லைன் எடுப்பது என்றால் விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அதனால் ஊரே கொமினிகேசனுக்கு வரும். பலகையடித்த இரண்டு சின்ன அறை, கதவில் கண்ணாடி, மேசையில் எனக்குத் தெரியிற மாதிரி மீற்றர். கனடாவுக்கு ஒரு நிமிடம் கதைத்தால் ஒரு கூலியாளின் பாதி நாள் உழைப்பு போய்விடும். அதனால் வருகிறவர்கள் கதைக்கவேண்டியதைத் துண்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். 'அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன், காசு வேணும், சின்னவளுக்குச் சம்பந்தம் சரிவந்திருக்கு, தம்பியை ஏசவேண்டாம்.' வரிசையாக வாசித்துவிட்டு வைத்துவிடுவார்கள். அழுவதற்கு நேரம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். அழுகை வந்துவிட்டால் மீற்றர் ஓடும். கொஞ்சப் பேருக்கு நான் அந்த நிமிடத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லாருக்கும் அப்படிச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கடை நடத்தவேண்டுமே.

அதைவிடப் பெரிய யாவாரம் 'இன்கமிங்'. அவர்கள் அங்கிருந்து எடுப்பார்கள். நான் பெடியனைச் சைக்கிளில் அனுப்பி ஆளைக் கூட்டிவருவேன். திருக்கடலூரிலிருந்து ஒரு தாய் ஓடிவந்து சேர்வதற்குள் லைன் அறுந்துபோகும். பிறகு அந்த மனிசி பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பார், திரும்ப எடுப்பார்கள் என்று. சிலவேளை கடை பூட்டும்வரை.

அந்தத் தாய்க்கு இன்றைக்கு மகனோடு தினமும் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்றால் 'குடும்பம் சிதறிப்போச்சு' என்று அழுவாரா? எனக்குத் தெரிந்து அழமாட்டார்.

1989 இலேயே செல்டெல் கொழும்பில் கைத்தொலைபேசியைத் தொடங்கிவிட்டது. எங்கட ஊரில் அது சாதாரண சனத்தின் கைக்கு வந்தது 2002 மாசியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பிறகுதான். முதலில் என் பெட்டி அறைகள் காலியாகின. பிறகு போனுக்குக் காசு ஏற்றுகிற ரீலோட் விற்றேன். பிறகு நெட் கஃபே போட்டேன். ஸ்கைப்பில் பேத்தியைப் பார்க்க வந்த கிழவர்கள் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணெய் பிடிக்கப் பண்ணினதுதான் மிச்சம். இப்போது போட்டோக்கொப்பி, லமினேற்றிங், ஒன்லைன் படிவம்.

ஓகஸ்ட் 15

றேடியோக் காலம்தான் பொற்காலம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். சரி. இரவு ஒன்பது தாண்டினால் லண்டன் பிபிசியின் தமிழோசை. சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒழுங்கையில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் நிற்பாட்டி, வீடே ஒரு றேடியோவைச் சுற்றி இருந்தது உண்மை. பாசத்தில் இருந்தோமா? பயத்தில் இருந்தோம். எந்த ஊரில் என்ன நடந்தது, நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கா, காலையில் தம்பியை வெளியே விடலாமா என்று தெரியவேண்டியிருந்தது. அந்த நெருக்கம் திரும்ப வரவேண்டும் என்று நான் நேர்த்தி வைக்கமாட்டேன்.

இன்னொரு வேடிக்கை. ஜெர்மன்காரரின் டொய்ச்ச வெல்ல வானொலி எண்பதுகளிலிருந்து எங்கட திருகோணமலையில் மறுஒலிபரப்பு நிலையம் வைத்து ஆசியா முழுக்க ஒலிபரப்பியது. உலகத்துக்கே செய்தி எங்கட மண்ணிலிருந்து போனது. எங்களுக்கு மட்டும் பக்கத்து ஊர்ச் செய்தி லண்டன் சுற்றி வந்தது.

ஓகஸ்ட் 19

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: 'அண்ணே, போன் போன் எண்டு அடிபடுறீங்க. எங்கட ஊர்க் குடும்பத்த மாத்தினது பாலம்.'

முழுக்கச் சரி. இந்த இழையிலேயே நல்ல குறிப்பு இதுதான். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர், அப்போது இலங்கையிலேயே நீளமானது. அதற்கு முந்தி 'பாதை', ஆளை ஏற்றிக் கரை கடத்துகிற மிதவை. பாதை அந்தக் கரையில் நின்றால் இந்தக் கரையில் காத்திருக்கவேண்டும். வயிற்று நோவோடு ஒரு பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு கரையில் நிற்பது என்னவென்று அங்கத்தைய சனத்தைக் கேட்டுப்பாருங்கள். மூதூருக்கு லோஞ்சு. கொட்டியாரக் குடாவில் காற்றடித்தால் அதுவும் இல்லை. இறால்குழி, கங்கைப் பாலங்களும் 2011 இல் வந்து மட்டக்களப்பு றோட்டு ஒழுங்கான பிறகு, என் சின்னம்மாவின் மகள், மூதூரில் கலியாணம் முடித்தவள், காலையில் கறியோடு வந்து தாயைக் குளிக்கவார்த்துவிட்டு மத்தியானம் திரும்புகிறாள். முந்தி தைப்பொங்கலுக்கும் செத்தவீட்டுக்கும்தான் அவளைக் காண்போம்.

அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியும் இருக்கிறது. பாலம் திருத்தவென்று பழையதைக் கழற்றிவிட்டு, சனத்துக்கு மிதவைப் பாதை விட்டார்கள். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே போனார்கள். அந்த மிதவையில் ஏறின அநேகமான வீட்டில் தொடுதிரைப் போன் இருந்திருக்கும். செய்தி ரொறன்ரோவுக்கு நிமிடத்தில் போனது. பாலம்தான் இல்லை.

ஓகஸ்ட் 25, நீளமாகப் போகும்

பாலம் பற்றி எழுதினதிலிருந்து மனதில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியம்மாவின் கதையைச் சொன்னால் விளங்கும்.

பெரியம்மா உவர்மலையில் தனியே. எங்கட பக்கத்து வழக்கம் தெரியும்தானே, வீடு பெண்பிள்ளைக்கு. மருமகன் வந்து மாமியார் வீட்டில் இருப்பார். அப்படியென்றால் வயது போன காலத்தில் தாயோடு மகள் இருப்பாள் என்று அர்த்தம். சீதனம் என்ற பெயரில் நடந்தது ஒருவகைக் காப்புறுதியும்தான். பெரியம்மாவும் வீட்டை மகளின் பெயருக்கு எழுதினா. மகள் லண்டன் மாப்பிள்ளையைக் கட்டினாள். வீடு மகளுடையது, மகள் ஹரோவில். இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகளும் கனடாவில், ஸ்காபரோ. இப்படி எழுதிக்கொடுத்துவிட்டுத் தாய் மட்டும் காவலுக்கு இருக்கிற வீடுகள் உவர்மலையில் எத்தனை என்று ஒருநாள் சைக்கிளில் போய்ப் பாருங்கள். மற்றவை பூட்டிக் கிடக்கும்.

மூத்தவர் போன வருடம் வந்து கமரா பூட்டிவிட்டுப் போனார். படலையில், விறாந்தையில், ஹோலில், குசினியில். எல்லாம் அவருடைய போனில் தெரியும். ஒருநாள் எனக்குக் கோல்: 'அண்ணா, ஹோல் கமரா வேலை செய்யுதில்லை. ஒருக்காப் போய்ப் பாருங்கோ.' போனேன். கமராவுக்கு மேலே துவாய்.

'என்ன பெரியம்மா இது?'

'தம்பி, நான் என்ன கள்ளியே? ராவைக்குப் புழுக்கத்தில நான் சட்டையைக் கழட்டிப்போட்டுப் படுக்கிறதில்லையே? அதையும் அவன் வேலைத்தலத்தில இருந்து பாக்கவேணுமே?'

மூத்தவருக்கு எலி வயரைக் கடித்துவிட்டது என்று சொன்னேன். புது வயருக்குக் காசு அனுப்பினார். பெரியம்மா அந்தக் காசில் நல்ல இறால் வாங்கிச் சமைத்து எனக்கும் தந்தா.

இதோடு நிறுத்தினால் கமராவைப் பழிக்கிற கதையாகிவிடும். அப்படியில்லை. சில மாதத்துக்குப் பிறகு ஒரு சாமம் பெரியம்மா குசினியில் வழுக்கி விழுந்தா. இங்கே விடியப்புறம் இரண்டு மணி என்றால் ரொறன்ரோவில் பின்னேரம் நாலரை. இந்த ஒழுங்கையில் எல்லாரும் நித்திரை. மகன் விழித்திருந்தார், பார்த்தார், எனக்கு அடித்தார். நான் ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். கமரா இல்லாவிட்டால் காலையில் பால்காரன்தான் கண்டிருப்பான்.

பார்த்தது அவர். தூக்கினது நானும் ஓட்டோக்காரரும் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவும். ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்ட்டில் ஆம்பிளை நிற்கேலாது. அன்று இரவு மிச்சம் முழுக்க நின்றது அந்த அக்கா.

நான் சொல்லவருவது இதுதான். கடல் தாண்டிப் போனவர்களுடைய கண் திரும்ப வந்துவிட்டது, வாய் திரும்ப வந்துவிட்டது. கை வரவில்லை. தூக்க, குளிக்கவார்க்க, வார்ட்டில் நிற்க, கிணற்றடிப் பாசி உரஞ்ச ஆள் இங்கேதான் வேண்டும். அந்த வேலை ஊரில் மிஞ்சினவர்களின் தலையில், அதிலும் பெண்களின் தலையில் வந்து நிற்கிறது. கண் இருக்கிறபடியால் மேற்பார்வை வேறு. 'ஏன் இன்னும் அம்மாவுக்கு மருந்து குடுக்கேல்லை?' என்று ஹரோவிலிருந்து கோல் வரும்.

ஓகஸ்ட் 26

மேலே உள்ளது கொஞ்சம் பாரமாகப் போய்விட்டது. ஒரு சிரிப்பு.

போன மாதம் ஒரு சாமத்திய வீடு, பிள்ளை பெரியவளானதுக்கு எடுக்கிற கொண்டாட்டம். ட்ரோன் வைத்து வீடியோ. பிள்ளை பல்லக்கில் வர, மேலே அது இரைந்துகொண்டு சுற்ற, அம்மம்மா காதைப் பொத்திக்கொண்டு, யுத்தகாலத்தில் குண்டு போட்ட விமானத்தின் பெயரைச் சொல்லி, 'கிபிர்' என்று கத்தினா. சனம் சிரித்தது. எனக்கு முழுதாகச் சிரிக்க வரவில்லை, அது வேறு கதை. சிரிப்பு இதுதான்: எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்க, கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மான் இரண்டு வாசல் வாழையையும் தோரணத்தையும் ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தன. நாலு நாட்டுக்கும் லைவ் போனது. ஒஸ்ரேலியாவிலிருந்து மாமா எழுதினாராம், 'மான் வாடகை எவ்வளவு?'

செப்டெம்பர் 3

'வெளிநாடு என்றால் உங்களுக்குக் கனடாவும் லண்டனும்தானா' என்று கேட்டிருக்கிறார் ஒருவர். கேட்கவேண்டிய கேள்வி.

மூதூர், கிண்ணியா, தோப்பூர், குச்சவெளிப் பக்கத்திலிருந்து சவூதி, குவைத், கட்டார் போனவர்கள் பெண்கள். வீட்டு வேலைக்கு. அவர்களுக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போகிற வழியே இல்லை. இரண்டு வருட ஒப்பந்தம், பிறகு இன்னொன்று. தொண்ணூறுகளில் என் கடைக்குக் கசெற் கொண்டு வருவார்கள், அங்கிருந்து குரலைப் பதிந்து யாராவது திரும்பி வருகிறவரிடம் கொடுத்துவிட்டது. வீட்டில் கசெற் பிளேயர் இல்லாததால் என் மேசையில் வைத்துக் கேட்பார்கள். ஒரு கணவர் முழுவதையும் கேட்டுவிட்டு 'காசு பற்றி ஒண்டும் சொல்லேல்லையே' என்று எழும்பிப்போனார். ஒரு சின்னப் பெடியன் மட்டும் திருப்பிப் போடச் சொல்லி நின்றான்.

இப்போது இமோ, முகம் பார்த்துக் கதைக்கிற செயலி. தாய் குவைத்துக் குசினியில் போனைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டே 'கொப்பியைக் காட்டு, இந்தக் கணக்கை ஏன் செய்யேல்லை' என்று கேட்கிறா. ரியூசன் வாத்தியாருக்கே கோல் எடுத்து விசாரிக்கிறா. தகப்பன் பக்கத்தில் நின்று தலையைச் சொறிகிறார். அந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஓகஸ்ட் 14 அன்று 'அழமாட்டார்' என்று அடித்துச் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்தவேண்டும் போலிருக்கிறது. அது வளர்ந்த மகனுடைய தாய்க்குப் பொருந்தும். இரண்டு வயதில் விட்டுப்போன பிள்ளை? ஒரு பெண் ஒப்பந்தம் முடித்து வந்திறங்கினபோது பிள்ளை அம்மம்மாவின் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தாயின் போன் மணி அடித்ததும் போனை நோக்கி ஓடினதாம். சொன்னது அந்தப் பெண்ணே, போட்டோக்கொப்பி எடுக்க வந்து நின்றபடி. அவ திரும்பப் போவதற்கான கொப்பிதான் அது.

2013 இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மாரை வெளிநாட்டு வேலைக்குப் போகவிடாமல் மறித்தார்கள், குடும்பப் பின்னணி அறிக்கை என்று. அந்த வருடத் தையில்தான் மூதூரிலிருந்து வயதைக் கூட்டிப்போட்டு அனுப்பப்பட்ட பிள்ளைக்குச் சவூதியில் மரணதண்டனை நிறைவேற்றினார்கள். அந்தக் கிழமை கடையில் யாரும் சவூதிக்கு ரீலோட் கேட்கும்போது சத்தமாகக் கேட்கவில்லை. பிறகு அறிக்கை வந்தது, அறிக்கைக்குக் கையெழுத்து வாங்க அலைச்சல் வந்தது, பிள்ளையின் வயதை மாற்றிக்கொடுக்கிற தரகர் வந்தார். 2022 இல் டொலர் இல்லாமல் போனதும் அந்தத் தடையை நாடே தளர்த்தியது. பிள்ளைகளின் வயது அதே வயதுதான்.

செப்டெம்பர் 4

தரகர் பற்றி எழுதினதுக்கு ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். பெயர் போடவில்லை. போடவும் மாட்டேன்.

செப்டெம்பர் 15

செத்தவீடு பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டாயிற்று.

முந்தி இலங்கை வானொலியில் மரண அறிவித்தல். 'திருகோணமலையைப் பிறப்பிடமாகவும்...' என்று தொடங்கினால் குசினியில் சட்டி உருளாது. அதைக் கேட்டு இரவு ரயிலில் கல்லோயாவால் ஏறி வருகிறவர் வருவார், வராதவருக்குக் காத்திருக்கமாட்டார்கள். பொழுதுபடமுந்தி எடுத்துவிடுவார்கள். இப்போது மலர்ச்சாலைக்காரர் எம்பாம் பண்ணித் தருகிறார். விசா கிடைத்து, ரிக்கற் கிடைத்து, கட்டுநாயக்காவில் இறங்கி வரும்வரை பெட்டி இருக்கும். வர இயலாதவர்களுக்கு லைவ். கொரோனா நேரம் தொடங்கினது, நின்றபாடில்லை. 'தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி வாய்க்கரிசி போடுங்கோ' என்று கமராக்காரர் சொல்கிறார், கொள்ளி வைக்கப் போகிறவரும் திரும்புகிறார். எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு ஒரு செத்தவீட்டில் ஸ்காபரோவில் பனிக்குள் கார் நிறுத்திவிட்டு ஸ்ரியறிங்கில் தலை வைத்து அழுத மகனை மறுபக்கத் திரையில் கண்டேன். அதற்குப் பிறகு கமராக்காரருக்கு நானே வழி விலத்திக் கொடுக்கிறேன்.

பாடை தூக்க ஆள் இல்லை. இது லைவில் தெரியாது. எங்கட ஒழுங்கையில் நாற்பதுக்குக் கீழே ஆம்பிளைகளைக் கூப்பிட்டால் நாலு தோள் பொருத்தமாகக் கிடையாது. மலர்ச்சாலை வாகனத்தோடு ஆளையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அயலட்டை கொண்டுவருகிற சாப்பாடும் இப்போது ஓடர். பார்சலில் வருகிறது. காசு கனடாவிலிருந்து ஏற்கெனவே கட்டியாயிற்று.

செப்டெம்பர் 22

நேற்று வாக்குப்போட்டு விரலில் மையோடு எழுதுகிறேன். சின்ன விசயம் ஒன்று.

வீட்டுக்கு யார் பெரியவர்? முந்தி காணி உறுதி எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று தெரிந்தவர். 2022 ஆடியில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தது. பென்சன் எடுத்த பெரிய உத்தியோகத்தர்கள் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். பேரன் பதிவான், நான் அச்சடித்து லமினேற் பண்ணிக் கொடுப்பேன், தாத்தா அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைப்பார். அடுத்த வருடம் அரசாங்க உதவிப்பணமான அஸ்வெசும, அதற்கும் கியூஆர். இப்போது தாத்தாவின் வங்கி ஓரிபி பேரனின் போனுக்கு வருகிறது. பதின்மூன்று வயதுப் பெடியனிடம் 'ராசா, கொஞ்சம் பார்த்துச் சொல்லு' என்று கெஞ்சுகிற மனிதர் ஒருகாலத்தில் மாவட்டச் செயலகமான கச்சேரியையே நடுங்கவைத்தவர். எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோசமும் உண்டு, அவரிடம் நான் ஒரு கையெழுத்துக்கு அலைந்திருக்கிறேன்.

கொரோனாவில் வட்ஸ்அப்பில் பாடம் நடந்தபோது ஒரு போனுக்கு மூன்று பிள்ளை என்று இருந்த வீடுகளில் யாருக்கு முதலிடம் கொடுத்தார்கள் என்றும் பார்த்தேன். ஓஎல் சோதனை எடுக்கிற அக்காவுக்கு இல்லை, கிரேட் சிக்ஸ் தம்பிக்கு. எல்லா வீட்டிலும் அல்ல. ஆனால் கண்டேன்.

ஒக்டோபர் 2

கரைவலை பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: ஓம், டச்சுக்குடாவிலும் நிலாவெளிப் பக்கத்திலும் வலை இழுக்க முந்தி கரையில் இரண்டு வரிசை ஆள் நின்று அம்பா பாடி இழுத்தது உண்மை. பள்ளிக்கூடப் பெடியன்கள் ஒரு கை கொடுத்தால் கறிக்கு மீன். பிறகு ட்ரக்ரரில் வின்ச் பூட்டி இழுக்கத் தொடங்கினார்கள், அதற்குத் தடை, தடைக்கு எதிர்ப்பு என்று இன்றுவரை இழுபறி. வின்ச் வந்துதான் ஆள் போனது என்று வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியைத் திட்டுகிறார்கள். ஆள் கிடைக்காததால்தான் வின்ச் என்று அவர் சொல்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. நான் இதில் பக்கம் எடுக்கமாட்டேன், இருபக்கமும் எனக்கு வாடிக்கை.

ஒக்டோபர் 9

கனடாவிலிருந்து ஒரு அக்கா எழுதினதை அப்படியே போடுகிறேன்: 'கை வரவில்லை என்று எழுதிவிட்டீர்கள். இங்கே இரண்டு வேலை செய்து அனுப்புகிற காசு எந்தக் கையால் வருகிறது? என் அம்மாவைப் பார்க்கிற பிள்ளைக்குச் சம்பளம் யார் கொடுப்பது? நீங்கள் தூக்கினீர்கள், சரி. உங்களுக்கு ஓட்டோக் காசு யார் தந்தது?'

ஓட்டோக் காசு மூத்தவர்தான் தந்தார். மறுக்கவில்லை.

அக்கா சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மரத்துண்டாகக் குளிர்கிற ஊரில், இரவு வேலைக்குப் போய்வந்து, தாயின் மருந்துப் பெயரை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். நான் எழுதினது அவர்களைக் குற்றவாளிக்கூட்டில் ஏற்றினது மாதிரி வாசிக்கப்பட்டிருந்தால், அது வேண்டாம். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். சம்பளத்துக்குப் பார்க்கிற அந்தப் பிள்ளை யார்? அவளுடைய தாயை யார் பார்க்கிறார்கள்? நான் அறிந்தமட்டில், வெருகல் பக்கத்திலிருந்து வந்து உவர்மலையில் தங்கி வேலை செய்கிறாள், தன் தாயோடு இரவில் போனில் கதைக்கிறாள்.

ஒக்டோபர் 20

இது அதன் தொடர்ச்சி.

பக்கத்து வளவுப் பிள்ளை யப்பான் பாசை படிக்கிறாள், சூமில். பராமரிப்பாளர் வேலைக்கு. 2019 இல் இரண்டு நாட்டுக்கும் உடன்பாடு வந்த பிறகு திறந்த வழி. இஸ்ரேலுக்கும் அப்படித்தான், வீட்டில் வயதானவர்களைப் பார்க்க. படிவமெல்லாம் என் கடையில்தான். படுக்கையில் இருக்கிறவரை எப்படிப் புரட்டவேண்டும், எழுப்பி இருத்தும்போது எங்கே கை கொடுக்கவேண்டும் என்று படம் போட்ட பாடம் அச்சடிக்க வந்தாள். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. போய்ச் சேரட்டும். சம்பளம் இங்கத்தையதைப்போல பல மடங்கு.

2012 குடிசனக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது கடந்தவர்கள். இப்போது இன்னும் கூட. நாங்கள் கண்ணையும் வாயையும் இறக்குமதி செய்துகொண்டு கையை ஏற்றுமதி செய்கிறோம். கேள்வி கேட்டவர் போனைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 28

மூன்று நாளாக மழை. தம்பலகாமம் வயலெல்லாம் வெள்ளம் என்று படம் வருகிறது. கரண்ட் இல்லாத நேரம் கடை ஜெனரேற்றரில் ஊருக்கே போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தேன். ஒரே மேசையில் அத்தனை போனும் அடிக்க, எந்தப் போன் யாருடையது என்று தெரியாமல், 'ஹலோ, அம்மா நல்லா இருக்கிறா' என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன்.

பெரியம்மா விழுந்த பிறகு தொடங்கின விசயம் ஒன்றை இங்கே சொல்லவில்லை. ஒழுங்கையில் ஒரு வட்ஸ்அப் குழு. ஆஸ்பத்திரியில் இரவு நிற்க, கிளினிக்குக்குக் கூட்டிப்போக, மருந்து எடுத்துவர யார் வரலாம் என்று அதில் போடுவது. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவும் இருக்கிறா, குரலில் அனுப்புவா. பள்ளிவாசல் பக்கத்து ஓட்டோக்காரர் இருக்கிறார். காலை வணக்கப் பூப்படம் போட்டால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவது தடவை வெளியே. பெரியம்மாவையே ஒருதரம் வெளியே போட்டு, அழுது, திரும்பச் சேர்த்தோம்.

மூத்தவர் ஸ்காபரோவிலிருந்து தன்னை அட்மின் ஆக்கச் சொல்கிறார், தான் நன்றாக ஒழுங்குபடுத்துவாராம். காசு போடலாம், வாசிக்கலாம், நன்றி சொல்லலாம் என்று சொல்லிவிட்டேன். அட்மினாக இருப்பதற்கு ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கவேண்டும். இன்று இரவு முறை என்னுடையது. நாளைக்கு ஆள் இல்லை, உப்புவெளிப் பக்கம் யாராவது இதை வாசித்தால் சொல்லுங்கள்.